டார்ன்லி பிரபுவின் முன்னோர் வரைபடம்: எந்த ஸ்டூவர்ட் யாருடைய ஸ்டூவர்ட்?

வேர்தேடி (கேள்வி)

வணக்கம். ஸ்காட்லாந்து அரசி மேரியின் இரண்டாவது கணவர் ஹென்றி ஸ்டூவர்ட், டார்ன்லி பிரபுவுக்கு முன்னோர் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவரோடு சேர்த்து ஐந்து தலைமுறை, 31 கட்டம். பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. ஆனால் நான்கு இடங்களில் முட்டி நிற்கிறது.

ஒன்று, அப்பா மேத்யூ ஸ்டூவர்ட். ஓரிடத்தில் லெனக்ஸின் 4-ஆம் ஏர்ல் (ஏர்ல் என்பது பிரபுப் பட்டம்) என்கிறார்கள், இன்னோரிடத்தில் 13-ஆம் ஏர்ல். இரண்டு பேரா, ஒருவரா?

இரண்டு, அம்மாவின் அப்பா ஆர்ச்சிபால்ட் டக்ளஸ், ஆங்கஸின் 6-ஆம் ஏர்ல். அவருக்கு அப்பாவாக 5-ஆம் ஏர்லைப் போட்டிருக்கிறேன். வயதுக் கணக்கும் பொருந்துகிறது. சரிதானா?

மூன்று, அப்பா பக்கத்தில் மட்டும் ஸ்டூவர்ட் என்ற பெயர் மூன்று தனித்தனிக் கிளைகளில் வருகிறது: லெனக்ஸ், அத்தோல், அரச குடும்பம். மூன்றையும் மன்னர் இரண்டாம் ராபர்ட்டிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாமா?

நான்கு, ஸ்காட்லாந்து அரியணைக்கும் இங்கிலாந்து அரியணைக்கும் இவருக்கு உரிமை இருந்தது என்கிறார்களே, அது எந்தக் கட்டங்கள் வழியாக?

கிளைக்கணக்கு

முதலில் கட்டங்களுக்கு எண் கொடுத்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். டார்ன்லி 1. யாருடைய எண்ணானாலும் அதை இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. ஆகவே 1-ஐத் தவிர இரட்டை எண்ணெல்லாம் ஆண், ஒற்றை எண்ணெல்லாம் பெண். தலைமுறை தலைமுறையாக இப்படி வரும்:

2 மேத்யூ ஸ்டூவர்ட், லெனக்ஸ் ஏர்ல் (1516–1571). 3 மார்கரெட் டக்ளஸ் (1515–1578). இவர்கள் திருமணம் 1544-இல், லண்டனில்.

4 ஜான் ஸ்டூவர்ட், லெனக்ஸின் 3-ஆம் ஏர்ல். 5 அத்தோல் குடும்பத்து எலிசபெத் ஸ்டூவர்ட். 6 ஆர்ச்சிபால்ட் டக்ளஸ், ஆங்கஸின் 6-ஆம் ஏர்ல். 7 மார்கரெட் டியூடர்.

8 மேத்யூ ஸ்டூவர்ட், லெனக்ஸின் 2-ஆம் ஏர்ல். 9 எலிசபெத் ஹாமில்டன். 10 ஜான் ஸ்டூவர்ட், அத்தோலின் 1-ஆம் ஏர்ல். 11 எலினர் சிங்கிளேர். 12 ஜார்ஜ் டக்ளஸ். 13 எலிசபெத் டிரம்மண்ட். 14 இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி. 15 யார்க் எலிசபெத்.

16 ஜான் ஸ்டூவர்ட், லெனக்ஸின் 1-ஆம் ஏர்ல். 17 மார்கரெட் மாண்ட்கோமரி. 18 முதலாம் ஹாமில்டன் பிரபு ஜேம்ஸ். 19 இளவரசி மேரி, மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் மகள். 20 ஜேம்ஸ் ஸ்டூவர்ட், 'லோர்னின் கறுப்பு வீரர்'. 21 ஜோன் போஃபர்ட். 22 வில்லியம் சிங்கிளேர், ஆர்க்னி ஏர்லாக இருந்தவர். 23 மார்ஜரி சதர்லாந்து. 24 ஆர்ச்சிபால்ட் டக்ளஸ், ஆங்கஸின் 5-ஆம் ஏர்ல். 25 எலிசபெத் பாய்ட். 26 முதலாம் டிரம்மண்ட் பிரபு ஜான். 27 எலிசபெத் லிண்ட்சே. 28 எட்மண்ட் டியூடர். 29 மார்கரெட் போஃபர்ட். 30 நான்காம் எட்வர்ட். 31 எலிசபெத் உட்வில்.

உங்கள் முதல் சந்தேகம்: 4-ஆம் ஏர்லும் 13-ஆம் ஏர்லும் ஒரே ஆள்தான். லெனக்ஸ் பட்டம் பழைய கெல்டிக் குடும்பத்திடம் இருந்து, பிறகு ஸ்டூவர்ட்களிடம் வந்தது. ஸ்டூவர்ட்களிலிருந்து எண்ணினால் 4, பழைய குடும்பத்தையும் சேர்த்து எண்ணினால் 13. வரைபடத்தில் ஏதாவது ஒரு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கலந்தால் 3-ஆம் ஏர்லுக்கு 13-ஆம் ஏர்ல் மகன் என்று வந்து, நடுவில் ஒன்பது பேரைத் தேட வேண்டியதாகிவிடும்.

இரண்டாவது தவறு. 5-ஆம் ஏர்ல் 6-ஆம் ஏர்லின் அப்பா அல்ல, தாத்தா. நடுவில் இருப்பவர் 12, ஜார்ஜ் டக்ளஸ். இவர் 'மாஸ்டர் ஆஃப் ஆங்கஸ்' என்றே அறியப்பட்டவர். ஸ்காட்லாந்தில் 'மாஸ்டர்' என்றால் பட்டத்துக்கு அடுத்த வாரிசு. 1513 செப்டம்பர் 9 அன்று இங்கிலாந்தோடு நடந்த ஃப்ளாடன் போரில் இறந்துபோனார். அப்போது அவருடைய அப்பா உயிரோடு இருந்தார், ஆகவே ஜார்ஜ் ஏர்லாகவே இல்லை. கிழவர் சில மாதங்களில் கண்ணை மூடியதும் பட்டம் நேராகப் பேரனுக்குப் போனது. பட்ட வரிசையை மட்டும் பார்த்து வரைபடம் போடுகிறவர்கள் எல்லாரும் விழும் குழி இது. தாத்தா பிறந்தது 1449 வாக்கில், பேரன் 1489 வாக்கில். நாற்பது வருட இடைவெளி அப்பா–மகனுக்கும் பொருந்திவிடுவதால் தவறு கண்ணில் படுவதில்லை. பட்ட வரிசை வேறு, பிறப்பு வரிசை வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்காமல் கட்டத்தை நிரப்ப வேண்டாம்.

அதே ஃப்ளாடனில், அதே நாளில், கட்டம் 8-இல் உள்ள லெனக்ஸ் ஏர்லும் இறந்தார். அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா ஒருவர், அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா ஒருவர். கட்டம் 7-இல் உள்ள மார்கரெட் டியூடரின் முதல் கணவர் மன்னர் நான்காம் ஜேம்ஸும் அன்றுதான் இறந்தார். அவர் இறந்ததால்தான் 1514-இல் மார்கரெட் ஆங்கஸை மணக்க முடிந்தது. டார்ன்லியின் அம்மாவே ஃப்ளாடனின் விளைவு என்று சொன்னால் மிகையில்லை.

பங்காளிவழி

மூன்றாவது கேள்விக்கு: சேர்க்கவே கூடாது. லெனக்ஸ் ஸ்டூவர்ட்களும் அத்தோல் ஸ்டூவர்ட்களும் ஆண்வழியில் இரண்டாம் ராபர்ட்டின் பிள்ளைகள் அல்ல.

ஸ்டூவர்ட் என்பது முதலில் பதவிப் பெயர். ஸ்காட்லாந்து மன்னரின் தலைமை அரண்மனை அதிகாரி என்ற பரம்பரைப் பதவி. நாலாவது தலைமை ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் 1283-இல் இறந்தார். அவருக்கு ஜேம்ஸ், ஜான் என்று இரண்டு மகன்கள். மூத்தவர் ஜேம்ஸ் அடுத்த ஸ்டூவர்ட் ஆனார். அவருடைய மகன் வால்டர், ராபர்ட் புரூஸின் மகள் மார்ஜரியை மணந்தார். அவர்கள் மகன்தான் 1371-இல் முடிசூடிய இரண்டாம் ராபர்ட். அரச வம்சம் இந்த மூத்தவர் கிளை.

இளையவர் போன்கில் ஜான் ஸ்டூவர்ட், 1298-இல் ஃபால்கிர்க் போரில் இறந்தவர். டார்ன்லியின் ஆண்வழி இவரிடம் போய்ச் சேர்கிறது: ஜானின் மகன் ட்ரெகார்ன் ஆலன், 1333-இல் ஹாலிடன் குன்றுப் போரில் இறந்தவர். அவர் சந்ததிதான் டார்ன்லி குடும்பம். ஆக, அரசி மேரியும் டார்ன்லியும் பெயரளவில் ஒரே ஸ்டூவர்ட், நம் சொல்லில் பங்காளிகள். ஆனால் பங்கு பிரிந்தது மேரியின் குடும்பம் அரியணை ஏறுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே.

அத்தோல் கிளையும் போன்கில் ஜானிடமே போகும். கட்டம் 20-இல் இருக்கும் லோர்னின் கறுப்பு வீரர், போன்கில் ஜானின் இன்னொரு மகன் பியர்ஸ்டன் ஜேம்ஸின் வழியில் வந்தவர். இவர் மணந்தது ஜோன் போஃபர்ட்டை. ஜோன், மன்னர் முதலாம் ஜேம்ஸின் விதவை. அதனால் கட்டம் 10-இல் உள்ள அத்தோல் ஏர்ல், மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு ஒரு தாய் வயிற்றுத் தம்பி. 'மன்னரின் தம்பி, பெயர் ஸ்டூவர்ட்' என்றதும் அரச ரத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். தம்பி என்ற உறவு தாய் வழியில், ஸ்டூவர்ட் என்ற பெயர் வேறு தகப்பன் வழியில்.

இன்னொரு நூலும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. போன்கில் ஜானின் மூத்த மகன் அலெக்சாண்டர் வழியில் ஆங்கஸ் ஏர்ல் பட்டம் பெற்ற ஒரு ஸ்டூவர்ட் கிளை இருந்தது. அதன் கடைசி வாரிசு மார்கரெட் ஸ்டூவர்ட். இவருக்கும் முதலாம் டக்ளஸ் ஏர்ல் வில்லியமுக்கும் பிறந்த ஜார்ஜ்தான் ஆங்கஸ் டக்ளஸ் குடும்பத்தைத் தொடங்கிவைத்தவர். எனவே அம்மா வழியிலும் டார்ன்லி போன்கில் ஜானின் சந்ததி. மொத்தம் மூன்று வழி.

அப்பா பக்க மூன்று ஸ்டூவர்ட்களில் உண்மையான அரச ஸ்டூவர்ட் கட்டம் 19, இளவரசி மேரி ஒருவர்தான்.

வேர்தேடி

மிக்க நன்றி. ஜார்ஜ் டக்ளஸைச் செருகிவிட்டேன். இரண்டு விஷயம் இன்னும் தெளிவாகவில்லை. ஆண்வழி அவ்வளவு தூரத்துச் சொந்தம் என்றால் லெனக்ஸ் பட்டமும் அரியணை உரிமையும் எங்கிருந்து வந்தன? மேரிக்கு இவர் என்ன முறை?

மூன்று_பெண்கள்

உங்கள் வரைபடத்தில் ஆண்வழிக் கோட்டைத் தடித்த மையில் போட்டிருந்தால் அதை அழித்துவிட்டு 65, 19, 7 என்ற மூன்று கட்டங்களுக்கு வண்ணம் கொடுங்கள். டார்ன்லியிடம் இருந்த மதிப்பெல்லாம் அந்த மூன்று பெண்கள் வழியாக வந்தது. ஆண்வழி கொடுத்தது பெயரும் டார்ன்லி நிலமும்தான்.

65 உங்கள் 31 கட்டத்துக்கு வெளியே இருக்கிறது, அதற்காக மட்டும் வரைபடத்தை இரண்டு தலைமுறை நீட்டலாம். கட்டம் 64, டார்ன்லியின் ஜான் ஸ்டூவர்ட், பிரான்சில் ஸ்காட்லாந்துப் படையை நடத்தியவர். 1423-இல் ஓபின்யி நிலத்தைப் பிரெஞ்சு மன்னரிடம் பெற்று, 1429 பிப்ரவரி 12 அன்று ரூவ்ரேயில் இறந்தார். அவர் மனைவி எலிசபெத் 65. அவளுடைய அப்பா 130, பழைய லெனக்ஸ் ஏர்ல் டங்கன், 1425 மே மாதம் ஸ்டர்லிங்கில் தலை வெட்டப்பட்டவர். ஆண் வாரிசு இல்லை. மூத்த மகள் இசபெல்லா 1458 வாக்கில் இறக்கும்வரை பட்டத்தை வைத்திருந்தாள். அவள் பிள்ளைகள் எல்லாரும் முன்பே போய்விட்டார்கள். மிஞ்சியது இரண்டு தங்கைகளின் வாரிசுகள்: எலிசபெத் வழியில் டார்ன்லி குடும்பம், மார்கரெட் வழியில் ரஸ்கி மென்டீத் குடும்பம். மென்டீத் பங்கு இரண்டு பேத்திகள் மூலம் கிளெனீகிள்ஸ் ஹால்டேன், மெர்கிஸ்டன் நேப்பியர் குடும்பங்களுக்குப் போனது. மடக்கை அட்டவணையை 1614-இல் வெளியிட்ட ஜான் நேப்பியர் அந்த நேப்பியர்தான். கட்டம் 16 ஜான் 1473-இல் பட்டத்தைக் கோரினார், இழுபறி முடிந்து அது உறுதியானது 1488-இல். நிலம் பங்கு போடப்பட்டது, ஏர்ல் பட்டம் மட்டும் முழுதாக ஸ்டூவர்ட்களிடம் நின்றது.

அடுத்து 19. இளவரசி மேரிக்கும் ஹாமில்டன் பிரபுவுக்கும் 1474-இல் திருமணம். மகன் ஜேம்ஸ், ஆரனின் 1-ஆம் ஏர்ல். மகள் எலிசபெத், கட்டம் 9. 1542-இல் ஐந்தாம் ஜேம்ஸ் இறந்து கைக்குழந்தை மேரி அரசியானபோது, அவளுக்கு அடுத்த இடம் கட்டம் 19 மேரியின் சந்ததிக்குத்தான். இயல்பாக அது மகன் வழி, அதாவது ஆரனின் 2-ஆம் ஏர்ல். லெனக்ஸ் மகள் வழி, ஒரு தலைமுறை கீழே. அப்படியிருந்தும் லெனக்ஸ் குடும்பம் 'நாங்களே வாரிசு' என்று அடித்துச் சொன்னதற்குக் காரணம் ஒரு திருமண ரத்து. ஆரனின் 1-ஆம் ஏர்ல் முதலில் மணந்தது எலிசபெத் ஹியூமை (எழுத்தில் ஹோம் என்று வரும், ஒலிப்பு ஹியூம்). அவளுக்கு ஏற்கெனவே தாமஸ் ஹே என்பவரோடு திருமணம் ஆகியிருந்தது என்று 1504-இல் ரத்து, 1510-இல் மறுபடி உறுதிசெய்தார்கள். பிறகு 1516-இல் ஏர்ல் ஜேனட் பெத்யூனை மணந்து பிறந்தவர் 2-ஆம் ஏர்ல். அந்த ரத்து செல்லாது என்றால் முதல் மனைவி உயிரோடிருக்க நடந்த இரண்டாம் திருமணமும் செல்லாது, 2-ஆம் ஏர்ல் முறை தவறிப் பிறந்தவர் ஆகிவிடுவார், இடம் கட்டம் 9 வழியாக லெனக்ஸுக்கு வரும். இரண்டு குடும்பப் பகையும் இந்த ஒரு காகிதத்தின் மேல் நின்றது. வரைபடத்தில் ஹாமில்டன் பக்கத்தில் இரண்டு மனைவியரையும் தேதியோடு போடுங்கள். ஜேனட்டை மட்டும் போட்டால் சண்டை எதற்கென்றே புரியாது.

பகையின் விலையையும் சொல்ல வேண்டும். 1526 செப்டம்பர் 4, லின்லித்கோ பாலம். சிறுவன் ஐந்தாம் ஜேம்ஸை ஆங்கஸ் ஏர்லின் பிடியிலிருந்து மீட்கப் போன கட்டம் 4 ஜான் ஸ்டூவர்ட் அங்கே கொல்லப்பட்டார். சரணடைந்த பிறகு கொன்றவர் ஃபின்னார்ட் ஜேம்ஸ் ஹாமில்டன் என்பதே வழங்கிவரும் பதிவு. அவர் ஆரனின் 1-ஆம் ஏர்லின் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன், அதாவது ஜானுக்கு மாமன் மகன். யாரை எதிர்த்துப் போனார் என்று பாருங்கள்: கட்டம் 6. டார்ன்லியின் ஒரு தாத்தா, இன்னொரு தாத்தாவின் தரப்பால் செத்தார்.

கடைசியாக 7, மார்கரெட் டியூடர். இங்கிலாந்து உரிமை முழுவதும் இவர் வழி. ஏழாம் ஹென்றியின் மூத்த மகள். நான்காம் ஜேம்ஸ் மூலம் இவருக்குப் பிறந்தவர் ஐந்தாம் ஜேம்ஸ், அவர் மகள் அரசி மேரி. ஆங்கஸ் மூலம் பிறந்தவர் மார்கரெட் டக்ளஸ், அவர் மகன் டார்ன்லி. மேரியின் கோரிக்கைதான் மூத்தது. ஆனால் அவள் லின்லித்கோவில் பிறந்தவள். இங்கிலாந்துக்கு வெளியே பிறந்த அந்நியர் அங்கே சொத்துரிமை பெற முடியாது என்ற சட்டத்தை அரியணைக்கும் நீட்டி வாதாடினார்கள். மார்கரெட் டக்ளஸ் பிறந்தது நார்தம்பர்லாந்தின் ஹார்பாட்டில் கோட்டையில், டார்ன்லி யார்க்‌ஷயரின் டெம்பிள் நியூசமில். இரண்டும் இங்கிலாந்து மண். எனவே பிறந்த இடத்தைக் கட்டத்தில் கட்டாயம் எழுதுங்கள், இங்கே அது வெறும் தகவல் அல்ல, வாதமே அதுதான். எட்டாம் ஹென்றியின் உயில் மார்கரெட் டியூடரின் சந்ததி முழுவதையும் தாண்டிச் சென்றது என்பதையும் ஓரக்குறிப்பாகப் போட்டுவிடுங்கள்.

முறை கேட்டீர்களே: மேரியின் அப்பாவும் டார்ன்லியின் அம்மாவும் ஒரு தாய் வயிற்றில் வேறு வேறு தகப்பனுக்குப் பிறந்தவர்கள். ஆகவே டார்ன்லி மேரிக்கு அத்தை மகன். நமக்கு இது கட்டிக்கொள்ளும் முறை. கத்தோலிக்கத் திருச்சபைக்கோ விலக்கப்பட்ட இரண்டாம் படி உறவு, போப்பின் விலக்கு அனுமதி தேவைப்பட்டது. 1565 ஜூலை 29 அன்று ஹோலிரூட்டில் திருமணம். ஆங்கிலத்தில் இரண்டு பேரையும் 'கசின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் யார் வழி உறவு என்பது தெரியாமல் போகிறது. தமிழில் வரைபடம் போடுவதில் இந்த வசதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கிளைக்கணக்கு

ஒரு சேர்க்கை. மேலே சொன்ன அத்தை மகன் உறவு ஒன்று மட்டுமல்ல. இரண்டாம் ஜேம்ஸ் வழியிலும் இருவரும் சொந்தம்: மேரி அவருக்கு நான்கு தலைமுறை கீழே, டார்ன்லி ஐந்து தலைமுறை கீழே.

மேலே போகப் போக ஒரே ஆள் பல கட்டத்தில் வருவார். அது பிழை அல்ல. கான்ட் ஜானை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் எட்வர்டின் மகன். அவர் 84-இல் வருகிறார் (21 ஜோன் போஃபர்ட்டின் தாத்தா). மறுபடி 308-இல், அதே ஜோன் இரண்டாம் ஜேம்ஸின் தாயாக 77-இல் வருவதால். 232-இல் மார்கரெட் போஃபர்ட் வழியாக. 246-இல் நான்காம் எட்வர்டின் தாய் செசிலி நெவில் வழியாக. குறைந்தது நான்கு இடம், மூன்று வெவ்வேறு தலைமுறை மட்டத்தில். மென்பொருளில் போடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் புது ஆளாகச் சேர்க்காமல், முதலில் சேர்த்த ஆளோடு இணைக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு கான்ட் ஜான்கள் உருவாகி, ஒன்றில் திருத்திய தேதி மற்றதில் திருந்தாது.

ஏட்டுக்கட்டு

மூலப் பதிவுகளைத் திறந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் சில கண்ணிகள்.

ஆண்டு. ஸ்காட்லாந்தில் 1600-இல்தான் புத்தாண்டு ஜனவரி 1-க்கு வந்தது. அதற்கு முன் மார்ச் 25. டார்ன்லி கொலை 1567 பிப்ரவரி என்று நாம் சொல்வது அக்காலப் பத்திரத்தில் 1566 பிப்ரவரி என்றே இருக்கும். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள எந்தத் தேதியையும் 1566/7 என்று இரட்டையாக எழுதுங்கள். இங்கிலாந்தில் இந்த மாற்றம் 1752-இல்தான், எனவே டார்ன்லி போல இரண்டு நாட்டிலும் கால் வைத்த குடும்பத்துக்கு 1600-க்குப் பிறகும் எந்த நாட்டுப் பதிவு என்று பார்க்க வேண்டும்.

பெயர். அக்கால ஸ்காட்லாந்தில் எலிசபெத்தும் இசபெலும் ஒரே பெயராகப் புழங்கின. கட்டம் 5-இல் உள்ளவரை இரண்டு விதமாகவும் காணலாம், இரண்டு மனைவியர் என்று பிரித்துவிடாதீர்கள். அங்கே பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தார்கள். பத்திரத்தில் 'மார்கரெட் மாண்ட்கோமரி' என்றிருந்தால் அவள் பிறந்த வீடு மாண்ட்கோமரி, கணவன் வீடு அல்ல. இங்கிலாந்துப் பழக்கத்தை இதில் பொருத்தினால் ஒரு தலைமுறையே மாறிவிடும். ஸ்டூவர்ட் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் (Stewart, Stuart) வருவதற்குக் காரணம் பிரான்சு. ஓபின்யியில் குடியேறிய கிளை பிரெஞ்சு எழுத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. எழுத்துக்கூட்டலை வைத்துக் கிளையைத் தீர்மானிக்க முடியாது.

உறவுச் சொல். லத்தீன் பத்திரங்களில் 'நெபோஸ்' என்பது பேரனாகவும் இருக்கலாம், உடன்பிறந்தார் மகனாகவும் இருக்கலாம். ஸ்காட்ஸ் மொழியில் 'குட்' என்ற முன்னொட்டு மணவழி உறவைக் குறிக்கும், 'குட் சன்' என்றால் மருமகன். நல்ல மகன் என்று மொழிபெயர்த்து மகனாகச் சேர்த்துவிடாதீர்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் இவர்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய திருச்சபைப் பதிவேடே 1553-இல்தான் தொடங்குகிறது, பெர்த்‌ஷயரின் எரல் ஊரில். அதற்கு முந்தியவர்களுக்கு நிலப் பத்திரம், திருமண ஒப்பந்தம், வாரிசுச் சான்று, அரச பெருமுத்திரைப் பதிவேடு இவைதான் வழி. பெருமுத்திரைப் பதிவேட்டின் சுருக்கம் 1306 முதல் 1668 வரை அச்சில் இருக்கிறது. அதில் கணவன் மனைவி இருவர் பெயரிலும் நிலம் எழுதப்பட்ட பதிவுகளை முதலில் பாருங்கள், மனைவியின் பிறந்த வீடு அங்கேதான் கிடைக்கும்.

கடைசியாகக் கேடயச் சின்னம். லெனக்ஸ் ஸ்டூவர்ட் கேடயத்தில் நீலமும் வெள்ளையுமான சதுரக் கட்டம் போட்ட பட்டை பழைய ஸ்டூவர்ட் பதவியின் அடையாளம். அதைச் சுற்றியுள்ள சிவப்பு விளிம்பு இளைய கிளை என்று சொல்கிறது. பிரெஞ்சு லில்லிப் பூக்கள் கட்டம் 64 ஜான் சம்பாதித்தவை. நடுவில் உள்ள சிறு கேடயத்தில் பெருக்கல் குறியும் நான்கு சிவப்பு ரோஜாவும் இருந்தால் அது லெனக்ஸ், கட்டம் 65 எலிசபெத்தின் பிறந்த வீட்டுச் சின்னம்.